கடைசி மேசை

மகள் பையில் அடுக்கிய துணிகளை அம்மா ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தரையில் போட்டுக்கொண்டிருந்தாள். கோபமுமில்லை, அழுகையுமில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அழுக்குத் துணி பிரித்துப் பழகிய கை அதே நிதானத்தில் வேலை செய்தது.

"ஒரு புள்ளயக் குடுத்தாச்சு. இன்னொண்ணயும் அந்த வாசல்ல விடமாட்டேன்."

மகளை அழைத்துப்போக வந்த இயற்பியல் டீச்சர் வாசலில் நின்றாள். தன் படியை மிதித்தறியாத தெருக்களிலிருந்து பிள்ளைகளையும், அவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களையும் கோடை விடுமுறையில் வரவழைத்து, ஆராய்ச்சிக்கூடத்தில் பழக்குகிறது அந்தப் பொறியியல் கல்லூரி. இந்த முறை சின்னவளுக்கும் டீச்சருக்கும் இடம் கிடைத்திருந்தது. சில வருடங்களுக்கு முன் பெரியவனும் அப்படித்தான் போனான். பிறகு அங்கேயே படிக்கச் சேர்ந்தான். முதல் வருடம் முடிவதற்குள், விடுதி மாடியிலிருந்து தவறி விழுந்துவிட்டான் என்று போன் வந்தது. தவறித்தான் விழுந்தானா என்று வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அந்தக் கேள்வி மட்டும் ஓர் ஆளைப்போல வீட்டுக்குள் நடமாடியது. சாப்பிட உட்கார்ந்தால் கூடவே உட்கார்ந்தது.

சின்னவள் துணிகளைப் பொறுக்கித் திரும்ப அடுக்கினாள். "அண்ணன் எங்க நின்னுச்சு, எங்க உக்காந்துச்சுன்னு ஒரு தடவ பாத்துட்டு வரேம்மா."

அம்மாவின் கை நின்றுவிட்டது.

கான்கிரீட் கட்டிகளை நசுக்கி அவற்றின் பலத்தை அளக்கும் ஆராய்ச்சிக்கூடம் அது. நடுவில் ஆளுயரத்துக்கு ஓர் இயந்திரம். கோடைப் பிள்ளைகள் எட்ட நின்று பார்க்கலாம், உடைந்த சில்லுகளைக் கூட்டி அள்ளலாம், விசையைத் தொடக்கூடாது. விலை உயர்ந்தது என்று காரணம் சொன்னார்கள். அவர்களுக்கான தலைக்கவசங்களில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தது. ஒரு பையன் புள்ளியில்லாத ஒன்றைத் தெரியாமல் மாட்டிக்கொண்டபோது, உதவியாளர் எதுவும் சொல்லாமல் அதை வாங்கிப்போய் சோப்புப் போட்டுக் கழுவினார். டீச்சரிடமும் துடைப்பத்தைத்தான் நீட்டினார்கள். இருபது வருடம் பாடம் நடத்தியவள் அதை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு வந்தாள்.

ஜன்னலோரம் கடைசியாக ஒரு மேசை காலியாகக் கிடந்தது. இடம் பற்றாமல் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்த நாளில்கூட அங்கே ஒருவரும் உட்காரவில்லை. மதிய இடைவேளையில் கண்ணாடிக்காரன் என்று எல்லாரும் கூப்பிடும் ஆராய்ச்சி மாணவனிடம் சின்னவள் காரணம் கேட்டாள். தான் யாருடைய தங்கை என்று அவள் சொல்லிக்கொண்டதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

அவன் சிரித்தான். "அது கோட்டாப் பேயோட எடம். உங்கள மாதிரி சம்மர்ல வந்து சேந்த பையன். ராத்திரில மெஷின் தானா ஓடும்னு சொல்லுவாங்க. இருந்தவரைக்கும் தொடவே விடல இல்ல, அதான் இப்ப வந்து ஓட்டிப் பாக்குதாம்."

சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். சின்னவளுக்கு அண்ணனின் போன் பேச்சு ஞாபகம் வந்தது. மாதாமாதம் போனில், "இன்னிக்கு நானே மெஷின் ஓட்டினேம்மா," என்று அண்ணன் சொல்வான்; அம்மா அதைச் சலவைக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிவாள்.

அன்று மாலை அவள் எல்லாவற்றையும் சொன்னதும், ஊருக்குப் போய்விடலாம் என்றாள் டீச்சர். சின்னவள் தலையாட்டி மறுத்தாள். மறுநாள் காலை அவள் நேராகப் போய் அந்தக் கடைசி மேசையில் உட்கார்ந்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டு டீச்சரும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சில்லுகளைக் கூட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கூடத்துக்குப் பொறுப்பான பேராசிரியர் அதிர்ந்து பேசாதவர். எழுந்து வரும்படி தன்மையாகத்தான் சொன்னார்.

"இது எங்கண்ணன் எடம் சார். அது தொடாத மெஷின நான் ஓட்டணும்," என்றாள் சின்னவள்.

அவள் யாருடைய தங்கை என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. நல்ல பையன், எதற்கும் வாயைத் திறக்காத பையன் என்றார். பிறகு ஒழுங்கு, விதி என்று ஏதேதோ சொல்லி, வீட்டிலிருந்து ஆள் வந்து அழைத்துப்போகட்டும் என்று முடித்துவிட்டார்.

மத்தியானம் அம்மா வந்தாள். பிணத்தை வாங்க வந்ததற்குப் பிறகு அந்த வாசலுக்குள் அவள் இப்போதுதான் நுழைகிறாள். சலவைக்கூடச் சீருடையைக்கூட மாற்றவில்லை. நடந்ததையெல்லாம் டீச்சர் மெல்ல எடுத்துச் சொன்னாள். மெஷின் ஓட்டியதாக மகன் போனில் சொன்னது பொய் என்பதையும் மறைக்கவில்லை. அம்மா கேட்டுக்கொண்டே மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு மகளை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்தாள்.

"நீ போய் ஓட்டு. நான் பாக்கணும்."

உதவியாளர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் அம்மாவைப் பார்த்தார். அவள் அவரையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்களைத் தாழ்த்திக்கொண்டார். கண்ணாடிக்காரன் தானாகவே வழிவிட்டு ஒதுங்கினான்.

சின்னவள் கட்டியை நடுவில் வைத்து விசையை அழுத்தினாள். இயந்திரம் முனகியது. முள் மெதுவாக ஏறிக்கொண்டே போயிற்று. பட்டென்று ஒரு சத்தம். கட்டி மூலையிலிருந்து பிளந்து உதிர்ந்தது.

அம்மா அந்தச் சில்லுகளைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா சார்?" என்றாள். "இத ஒரு தடவ அவன் செஞ்சிருந்தா, உங்களுக்கு என்ன சார் கொறஞ்சு போயிருக்கும்?"