கண் கூசும் வெளிச்சம்

விடியுமுன் ரொட்டித் தட்டுகளை வேனில் அடுக்கிக்கொண்டு புறப்படுவது அவருடைய வேலை. மனைவி இறந்துபோனபிறகு வீடும் இருட்டு, வழியும் இருட்டு. ஆளில்லாத சாலையில் தனியாகப் போகும்போது நெஞ்சை என்னவோ செய்தது. மெக்கானிக்கிடம் சொல்லி, வேனின் முன்னால் இரண்டு வெள்ளை விளக்குகளை மாட்டிக்கொண்டார்.

சாலை பளிச்சென்று ஆனது. எதிரே வந்தவர்கள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு திட்டினார்கள். "நல்ல விளக்கு வாங்க வக்கில்லாதவனுங்க" என்று சிரித்துக்கொண்டார்.

ஒருநாள் சாலை நடுவே ஓர் ஆந்தை உட்கார்ந்திருந்தது. பறந்துவிடும் என்று நினைத்தார். அது வெளிச்சத்தையே வெறித்துப் பார்த்தது, அசையவில்லை. பிரேக் போட்டும் வேன் அதன் இறக்கையில் இடித்துவிட்டது.

சாக்கில் சுற்றிப் பக்கத்து இருக்கையில் வைத்தார். மனைவிக்குப் பின் அங்கே யாரும் உட்கார்ந்ததில்லை. "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, வந்துட்டோம்" என்று வழியெல்லாம் அதனோடு பேசிக்கொண்டே ஓட்டினார்.

கால்நடை மருத்துவர் அறையை இருட்டாக்கி, சின்ன டார்ச்சை ஒரு கண்ணில் மட்டும் காட்டினார். அகலமாக இருந்த கண்பாவை கடுகாகச் சுருங்கியது. மறு கண்ணின் பாவை விரிந்தே இருந்தது.

"தனித்தனியாவா சுருங்குது, டாக்டரம்மா?"

"ஆமா. கண்ணு நல்லாத்தான் இருக்கு. இருட்டுக்குப் பழகின கண்ணுல திடீர்னு அவ்வளவு வெளிச்சம் அடிச்சா, பாவை சுருங்கினாலும் கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணும் தெரியாது. எந்தப் பக்கம் பறக்கும், பாவம்?"

அவர் தயங்கிக் கேட்டார். "மனுஷங்களுக்கு?"

"அதே கதைதான். எதிர்ல பைக்ல வர்றவங்க கண்ண மறைச்சுக்கறத நீங்க பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறார். சிரித்தும் இருக்கிறார்.

இறக்கை எலும்பு நொறுங்கிவிட்டது, இனி அது பறக்காது என்றார் மருத்துவர்.

ரொட்டிகளைக் கடைகளில் இறக்கியதும் அவர் நேரே மெக்கானிக்கிடம் போனார்.

"அந்த ரெண்டு லைட்டையும் கழட்டிடுப்பா."

"என்னண்ணே, தனியா போக ஒரு மாதிரியா இருக்குன்னுதானே மாட்டினீங்க?"

"இப்பவும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. அதுக்காக எதிர்ல வர்றவங்க கண்ணைப் பறிக்கலாமா? வீட்டுல நான் தனி ஆளு, சரி. ரோட்டுல நான் மட்டுமா போறேன்?"