ரப்பர் பட்டை

“அந்தக் கவரை இப்படிக் குடுன்னு சொல்றேன்ல—”

“தர மாட்டேன். இது எப்படி அவர் கைல இருந்துச்சுன்னு முதல்ல—”

“நான் வாங்கிக் குடுத்த வாட்ச் அவர் கைல இல்லாம உன் கைலயா இருக்கும்?”

“கத்தாத. அம்மா காதுல விழும்.”

“நீதான்டி கத்தற!”

இருவருமே பல்லைக் கடித்துக்கொண்டு கத்திக்கொண்டுதான் இருந்தார்கள், அப்பாவின் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. வெளியே கூடத்தில் அப்பா வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். கூடவே ஒரு பிளாஸ்டிக் கவரும் வந்தது. அதில் மூக்குக்கண்ணாடி, மோதிரம், கைக்கடிகாரம்.

தங்கை கவரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“பாரு, இன்னும் ஓடுது. நேத்து மத்தியானம் பாத்ரூம் தரைல அவரோட சேர்ந்து விழுந்திருக்கு, ஒரு கீறல் இல்ல. நல்ல வாட்ச்சுண்ணா. குடுத்த காசுக்குத் தகும்.”

பெரியவன் கவரைப் பிடுங்கக் கை நீட்டினான். அடுக்குமாடி வீடு விற்கிறவன் அவன். வாங்க வருகிற ஆள் முதலில் நம் மணிக்கட்டைப் பார்ப்பான், அப்புறம்தான் வரைபடத்தைப் பார்ப்பான் என்பது அவன் தொழிலில் கற்ற பாடம். காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்துக் கிரீஸ் படிந்த அப்பாவின் கைக்கும் ஒரு பெயர் பெற்ற கடிகாரம் வேண்டும் என்று அவருடைய பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தான். அதே வாரம் தங்கை ஒரு ஸ்மார்ட் வாட்ச்சோடு வந்து நின்றாள். கறுப்பு ரப்பர் பட்டை. நாடித்துடிப்பு பார்க்கும்; போட்டிருப்பவர் விழுந்தால் பிள்ளைகளுக்குத் தானாகவே போன் போடும்.

அன்றே ஆரம்பித்த வாக்குவாதம்.

“ரெண்டு வருஷத்துல குப்பைக்குப் போற சாமான் அது. இது என் பையன் கட்டுவான், அவன் பையன் கட்டுவான்.”

“உன்னுது மணி மட்டும்தான் காட்டும். அதுவும் நீ வந்தாத்தான் காட்டும்.”

அது உண்மைதான். கை அசைவில் ஓடுகிற ஜாதிக் கடிகாரம் அது. அலமாரியில் கிடந்தால் இரண்டு நாளில் நின்றுவிடும். பெரியவன் வருகிறான் என்றால் அப்பா அதை எடுத்து, மருந்து பாட்டிலைக் குலுக்குவதுபோல் குலுக்கி, மணி திருத்திக் கட்டிக்கொள்வார். ரப்பர் எப்போதும் கையிலேயே இருக்கும். ஆக, அவன் வந்தால் இரண்டு கையிலும் இரண்டு. “கைவிலங்கு மாட்டின மாதிரி இருக்குடா, ஆனா கேஸ் என்னன்னுதான் தெரியல” என்று தானே சிரிப்பார்.

“டாக்டர் சொன்னதக் கேட்டல்ல?” தங்கையின் குரல் உடைந்தது. “கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்னு. அது கைல இருந்திருந்தா என் போன் அடிச்சிருக்கும். உன் போனும்தான். வாட்ச்சுல இருந்து துடிப்பு வரலன்னு என் போன்ல காட்டுச்சுண்ணா. கழட்டிட்டுக் குளிக்கறாரு போலன்னு நினைச்சுக்கிட்டு நான் பாட்டுக்கு லேப்ல வந்தவங்களுக்கு ரத்தம் எடுத்துட்டு இருந்தேன்.”

“சரி விடு.”

“எப்படி விடறது? ஏன் கழட்டினாரு? ரெண்டையும் கட்டற மனுஷன்தான? அம்மாட்டயே கேக்கறேன்.”

கவரைக் கட்டில்மேல் வீசிவிட்டு வெளியே போனாள்.

பெரியவன் கட்டிலில் கிடந்த கவரைப் பார்த்தான். போன முறை இவன் வந்தபோது அப்பா இரண்டு கையிலும் கட்டியிருந்தார். தங்கை அன்று வரவில்லை. இவனோடு இவன் மேலதிகாரியும் வந்திருந்தார்.

“என்னப்பா இது, வாட்ச் கடை வெச்சிருக்கீங்களா? அந்த ரப்பரக் கழட்டுங்க. பக்கத்துல அது இருந்தா இதுக்கு மரியாதையே இல்ல.”

மேலதிகாரி சிரித்தார். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கழற்றி வைத்துவிட்டு, இடது கையை மட்டும் முன்னால் நீட்டியபடி வந்து உட்கார்ந்தார்.

நேற்று மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். ஒரு வாடிக்கையாளர் ஓட்டலுக்குக் கூப்பிட்டார், போய்விட்டான். வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாடிக்கையாளர் அவன் கடிகாரத்தை மெச்சியபோது, “எங்கப்பாவும் இதே கம்பெனிதான் சார் கட்டுவாரு” என்றுகூடச் சொன்னான்.

அலமாரியைத் திறந்தான். சட்டைகளுக்கு அடியில் அவன் கொடுத்த பெட்டி. உள்ளே வெல்வெட் மெத்தைமேல், விலை உயர்ந்தது இருக்க வேண்டிய இடத்தில், ரப்பர் பட்டைக்காரன் சொகுசாகப் படுத்திருந்தான். எடுத்ததும் முகம் ஒளிர்ந்தது. சார்ஜ் கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. நாடித்துடிப்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சிறு கோடுகள்.

கூடத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

“அதுல சார்ஜ் இல்லம்மா. நான்தான் போட மறந்துட்டேன். கை சும்மா இருக்கேன்னு அதை எடுத்துக் கட்டிக்கிட்டாரு.”

“ஏம்மா இப்படி? ராத்திரி செருகிட்டுப் படுன்னு எத்தனை தடவ படிச்சுப் படிச்சு சொன்னேன்!”

“புத்தி கெட்டுப் போச்சும்மா எனக்கு.”

“நேத்து நீ கண் டாக்டர்கிட்டப் போறப்ப அவரையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?”

“கூப்பிட்டேன். கால் வலிக்குதுன்னாரு.”

ஒரு வார்த்தை போதும். கதவைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை. பெரியவனின் கை தாழ்ப்பாள் வரைக்கும் போனது. வெளியே தங்கை அழுதுகொண்டே அம்மாவைத் திட்டினாள்; அம்மா ஒவ்வொரு திட்டுக்கும் “ஆமாம்மா, தப்புத்தாம்மா” என்றாள். அவன் கை திரும்பி வந்தது. கடிகாரத்தின் பக்கவாட்டுப் பொத்தானை, முகம் அணைகிற வரைக்கும் அழுத்திப் பிடித்தான். கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. தங்கை மூக்கைச் சிந்திக்கொண்டு டிரைவரிடம் பேசப் போவதும் கேட்டது.

அம்மா உள்ளே வந்தாள்.

“உங்கப்பாவுக்கு ஒரு நல்ல சட்டை எடுக்கணும்.”

அலமாரி திறந்தே கிடந்தது. பெட்டியும் திறந்து, காலியாக. அம்மா மெத்தையில் பதிந்திருந்த பள்ளத்தை ஒரு கணம் பார்த்தாள். அவன் கால்சட்டைப் பையைப் பார்க்கவில்லை. பெட்டியின் மூடியைச் சத்தமில்லாமல் மூடி உள்ளே தள்ளிவிட்டு, ஒரு வெளிர்நீலச் சட்டையை உருவி, காலரில் இருந்த மடிப்பை உள்ளங்கையால் தேய்த்தாள். கட்டில்மேல் கவருக்குள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அறை வாசல்படியில் நின்று, திரும்பாமலே கேட்டாள்.

“நேத்து வழியில ஒரே டிராஃபிக்கா இருந்திருக்கும், இல்லப்பா?”