மாப் குச்சியில் கட்டிய துண்டு

மூன்றாவது தடவையாக நான் இறக்கைக்கு அடியில், வயிறு தரையைப் பார்க்கத் தொங்கிக்கொண்டிருந்தேன். மச்சான் ஒரு கையால் இறக்கையின் மூக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி, இன்னொரு கையில் போனை வைத்துக்கொண்டு தன் பேக்கரி ஆளைத் திட்டிக்கொண்டிருந்தார். "பன்னு கருகுனா கருகுனதை எடுத்து வையி, ஓவனை எதுக்குய்யா அணைச்ச? நானா? நான் மலை மேல இருக்கேன். இங்க ஒருத்தர் தொங்குறாரு, அவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்." போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் குனிந்து என் முதுகுக்கு மேலே பார்த்தார். பட்டையை ஒரு இழு இழுத்தார். கொக்கியின் திருகைத் தொட்டுப் பார்த்தார். "மாட்டியிருக்கு. காலும் நேரா இருக்கு. தொப்பைதான் கம்பியில இடிக்குது, அதுக்கு நான் பொறுப்பில்ல. எந்திரி மாப்ள."

எழுந்து நின்று, காற்றின் திசை பார்க்க எதிரே கம்பத்தில் கட்டியிருந்த ரிப்பனைப் பார்த்தேன். அது செத்த பல்லி வால் மாதிரி தொங்கியது.

ஹேங் கிளைடர் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் கிடையாது. அலுமினியக் குழாய்களில் துணியை இழுத்துக் கட்டிய ஒரு பெரிய இறக்கை, அதன் நடுவிலிருந்து ஒரு பட்டையும், கையால் பிடித்து ஓட்ட ஒரு முக்கோணக் கம்பியும் தொங்கும். ஹார்னஸ் என்று ஒரு நீளப் பை இருக்கிறது. அதற்குள் நாம் நுழைந்து, அதன் கொக்கியை அந்தப் பட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். பிறகு இறக்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு மலைச் சரிவில் ஓட வேண்டும். காற்று பள்ளத்திலிருந்து ஏறி நம் முகத்தில் அடித்தால் தூக்கிக்கொண்டு போகும். முதுகில் அடித்தால் கவிழ்த்துவிடும். அடிக்காவிட்டால் நிற்க வேண்டும். நிற்பதுதான் இதில் பெரும்பகுதி. ஓடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் இன்னொருவர் இறக்கையைப் பிடித்துக்கொள்ள, நாம் படுத்துத் தொங்கிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களிடையே கடவுள் வாக்கு மாதிரி. ஏனென்றால் கொக்கியை மாட்டாமல் ஓடியவர்கள் இருக்கிறார்கள். இறக்கை போகும், மேலே. ஆளும் போவார், கீழே.

எனக்கு வேலை லிஃப்ட் மெக்கானிக். இருபத்தைந்து வருடமாக மற்றவர்களை மேலே ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறேன். லிஃப்ட் மோட்டார் இருப்பது பெரும்பாலும் மொட்டை மாடியில் ஒரு புறாக்கூடு மாதிரியான அறையில். இந்த சீசன் முழுக்க, வார நாட்களில் அந்த அறைகளின் சின்ன ஜன்னல் வழியாக நல்ல காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடியில் காயப்போட்ட சட்டைகளெல்லாம் எனக்கு வேண்டிய திசையில், எனக்கு வேண்டிய வேகத்தில் பறந்துகொண்டிருக்கும். நான் கிரீஸ் கையோடு நின்று பார்ப்பேன். சனிக்கிழமை மலைக்குப் போனால் தூறல். ஞாயிற்றுக்கிழமை போனால் மூடுபனி. இரண்டும் இல்லாவிட்டால் பின்னாலிருந்து காற்று. "உன் ஜாதகத்துலேயே காத்து வக்கிரமா இருக்குது மாப்ள" என்பார் மச்சான்.

இன்றுதான் கடைசி நாள். கம்பெனியில் என்னை சூப்பர்வைசர் ஆக்கி வேறு ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அந்த ஊர் கேரம் போர்டு மாதிரி தட்டையாக இருக்கும். எங்களுக்குப் பார்த்திருக்கும் வீட்டில் கட்டில் போட்டாலே கதவு திறக்காது, இறக்கையை எங்கே வைப்பது. நாளைக் காலை ஒருவர் வண்டியோடு வந்து வாங்கிக்கொண்டு போகிறார். அதற்கும் நான் இவ்வளவு அலட்டிக்கொண்டிருக்க மாட்டேன். என் மனைவி இன்று வந்திருந்தாள். அதுதான் விஷயம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் ஒரு தடவைகூட நான் பறந்து பார்த்ததில்லை. "நீங்க பறங்க, வேணாங்கல. என்னைப் பாக்கச் சொல்லாதீங்க. இறங்குனதும் போன் பண்ணுங்க, போதும்." அதைத் தாண்டி அவளிடம் பேச்சு கிடையாது. நேற்று இரவு பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நாளைக்கு நானும் வரேன். கடைசின்னு சொல்றீங்கல்ல." எனக்குத் தூக்கமே வரவில்லை.

காலையில் அவளை மலையடிவாரத்தில், நாங்கள் இறங்கும் புல்வெளியில் விட்டேன். அங்கே எப்போதும் நிற்கும், காற்றின் திசை காட்டும் துணிப்பையை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். காரின் பின்னால் வீடு காலி செய்ததில் மிஞ்சிய மாப் ஒன்று கிடந்தது. அதன் குச்சியில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டி அவள் கையில் கொடுத்தேன். "நான் மேல தெரிஞ்சதும் இதை உயரமாப் பிடிச்சுக்க. துண்டு எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாத்துதான் நான் இறங்குவேன்." மண்ணில் நட்டாலும் போதும்தான். அவளுக்கு ஒரு வேலை இருந்தால் பயம் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன். அவள் குச்சியை இரண்டு கையாலும் வாங்கி, "நான் தப்பாப் பிடிச்சா நீங்க தப்பா இறங்கிடுவீங்களா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அது காலையில். இப்போது மதியம் தாண்டிவிட்டது. மேலே நாங்கள் மூன்று பேர். நான், மச்சான், கண்ணாடிக் கடைக்காரர். மச்சான் என் மனைவியின் அண்ணன். ஒரு காலத்தில் அவரும் பறந்தவர்தான். பேக்கரி வைத்த பிறகு அவரைத் தூக்க எந்தக் காற்றுக்கும் தெம்பில்லை என்று அவரே சொல்வார். கண்ணாடிக் கடைக்காரர் தன் இறக்கையின் நிழலிலேயே தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். அவருக்கு அடுத்த வாரமும் இருக்கிறது.

ஹார்னஸ் என்பது குளிருக்கான உடை மாதிரி தடிமனானது. அதை மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்பது யாரோ இட்ட சாபம். ரிப்பன் கொஞ்சம் அசையும். நான் ஹெல்மெட்டை மாட்டுவேன், கொக்கியை மாட்டுவேன், மச்சான் பிடிப்பார், தொங்கிப் பார்ப்பேன், இறக்கையைத் தூக்கிக்கொண்டு விளிம்புக்குப் போவேன். ரிப்பன் அப்படியே துவண்டு விழும். பிறகு எனக்கு முதுகைக் காட்டிப் பள்ளத்தின் பக்கம் ஆடும். மறுபடி இறக்கி வைப்பேன். மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"இங்க ஒரே அமைதியா இருக்கு. மாடு கூட போயிருச்சு."

"கொஞ்ச நேரம் பாக்கலாம்."

"ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க. நீங்க என்ன அம்மியை விடக் கேடாவா போயிட்டீங்க?" குரலில் கேலி இருந்தது. பிறகு கொஞ்சம் இறங்கியது. "நான் எவ்வளவு நேரம்னாலும் இருக்கேன். அதுக்காக இல்லாத காத்துல ஏறிடாதீங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. யார்மேல் என்று தெரியாத கோபம். வானத்தில் திட்டுவதற்குக்கூட ஒரு மேகம் இல்லை.

மூன்றாவது தடவையும் தொங்கிப் பார்த்து, விளிம்பில் நின்று, காற்று செத்து, இறக்கையைத் தோளிலிருந்து இறக்கியபோதுதான் மச்சானின் பிளாஸ்க் டீ தன் வேலையைக் காட்டியது. அடக்கிப் பார்த்தேன். இந்த வயதில் அது அடங்குகிற சமாசாரம் இல்லை. கொக்கியைக் கழற்றிவிட்டு, ஹார்னஸின் வால் பின்னால் தொங்க, பெரிய கம்பளிப்புழு மாதிரி புதர்ப்பக்கம் நடந்தேன். மச்சான் மூக்குக் கம்பியைப் பிடித்தபடி மறுபடியும் போனில் இருந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எந்தத் தட்டில் எந்த பிஸ்கட் என்று கத்திக்கொண்டிருந்தார்.

புதருக்குப் பின்னால் நின்றபோதே அது வந்துவிட்டது. முதலில் கன்னத்தில் ஒரு குளிர்ச்சி. பிறகு சரிவில் இருந்த புல்லெல்லாம் கீழிருந்து மேலாகப் படுத்துக்கொண்டே வந்தது, யாரோ சீப்பால் வாரிய மாதிரி. ரிப்பன் நேராக நின்றது. நான் ஜிப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் ஓடினேன். அதற்குள் கண்ணாடிக் கடைக்காரர் எழுந்துவிட்டார். தூங்கிக்கொண்டிருந்த மனிதர் எப்போது மாட்டினார், எப்போது படுத்துப் பார்த்தார் என்று தெரியவில்லை. நான் போய்ச் சேரும்போது மச்சான் அவருக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றிருந்தார். நாலே எட்டு. மனிதர் காற்றில் இருந்தார். எங்கள் தலைக்கு மேலேயே வந்து "ஊய்" என்று ஒரு கத்தல் வேறு.

"காத்துள்ளபோதே தூத்திக்க மாப்ள, வா வா வா!" மச்சான் என் இறக்கைக்கு ஓடி வந்து கம்பியைப் பிடித்தார். நான் உள்ளே புகுந்து இறக்கையைத் தூக்கினேன். அது தோளில் உயிரோடு துடித்தது.

"தொங்கிப் பாத்துடலாமா?"

"இப்பத்தானே பாத்தோம்! எத்தனை தடவை மச்சான்? இதுவும் போயிடும். விடுங்க!"

அவர் ஒரு நொடி தயங்கினார். பிறகு கம்பியை விட்டு விலகினார்.

ஓடினேன். ஒரு எட்டு, இரண்டு எட்டு. இறக்கை தோளை விட்டு எழுந்தது. அந்த இடத்தில் எப்போதும் ஒன்று நடக்கும். பட்டை இறுகி, ஹார்னஸ் முதுகைக் கவ்வி, ஒரு கை நம்மைக் காலரைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி இருக்கும். இத்தனை வருடத்தில் நான் அதை ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. இன்று அது வரவில்லை. கைகள் மட்டும் மேலே போயின. முதுகு லேசாக இருந்தது. பயங்கரமான லேசு. என்ன என்று புத்திக்கு எட்டுவதற்கு முன்னால் கால் மடங்கிவிட்டது. உட்கார்ந்தேன், முக்கோணக் கம்பியை விடாமல் கீழே இழுத்தேன். இறக்கை மூக்கைக் குத்திக்கொண்டு சரிந்தது. இடப்பக்கக் குழாய் என் கண்ணெதிரே முழங்கை மாதிரி மடங்கியது. என் ஷூ நுனிக்கு அப்பால் புல் இல்லை.

மச்சான் வந்து என்னை ஹார்னஸின் பட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இழுத்தவர் இறக்கையின் நடுவைப் பார்த்தார். கொக்கி மாட்ட வேண்டிய பட்டை வெறுமனே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு எப்போதும் வாயில் ஒரு நக்கல் இருக்கும். நானும் அதற்காகக் காத்திருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் தரையில் உட்கார்ந்து பிளாஸ்க்கை எடுத்தார். மூடியைத் திருகினார். குடிக்காமல் திரும்ப மூடினார்.

"என் தங்கச்சி கீழ நிக்கிறாடா" என்றார். என்னை அவர் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

நான் வேலைக்குப் போகிற ஒவ்வொரு கட்டடத்திலும் காவல்காரரைக் கூப்பிட்டு ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். கதவு திறந்ததும் காலை வைக்காதீங்க, உள்ளே லிஃப்ட் நிக்குதான்னு பாத்துட்டு வைங்க. சிலர் சிரிப்பார்கள். கதவு திறந்தால் லிஃப்ட் இருக்கத்தானே செய்யும் என்பார்கள்.

காற்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. சீசன் முழுக்க வராத காற்று, ஒரே சீராக, பதமாக, பாடப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி. இறக்கையின் கிழிந்த துணி படபடத்தது. மடங்கிய குழாய்க்கு மாற்று வீட்டில்கூட இல்லை, நேற்றுதான் மிச்சமிருந்த சாமான்களையெல்லாம் மூட்டை கட்டி எடைக்குப் போட்டேன். கண்ணாடிக் கடைக்காரர் வெகு உயரத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கே நடந்தது எதுவும் தெரியாது. என் வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் அவரைப் பார்த்துத்தான் வந்தது, அவர் என்ன செய்தார் பாவம்.

போன் அடித்தது. மச்சான் என்னைப் பார்த்தார். எடுக்காதே என்கிறாரா எடு என்கிறாரா தெரியவில்லை.

"என்னங்க, மேல ஒண்ணு பறக்குதே, அது நீங்களா?"

"இல்ல. அது கண்ணாடிக் கடைக்காரரு."

"அதான் பாத்தேன். உங்க இறக்கை நீலமாச்சே. நீலமும் ஒரு தடவை எழும்புன மாதிரி தெரிஞ்சுது. அப்புறம் காணோம்."

மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்து இல்லம்மா" என்றேன்.

போனில் காற்று இரைந்தது. என் பக்கத்துக் காற்று அவள் காதிலும் விழுந்துகொண்டுதான் இருக்க வேண்டும். அவள் பக்கத்துக் காற்றும் என் காதில் விழுந்தது. துணி படபடக்கிற சத்தம்.

"அண்ணன் பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு."

"ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்கல்ல?"

"இருக்கோம்."

"சரி" என்றாள். பிறகு, "அப்ப நான் இதை இறக்கிடவா?"

எழுந்து விளிம்பிலிருந்து நாலடி தள்ளியே நின்று கீழே பார்த்தேன். புல்வெளி ஒரு பாய் அளவுக்குத் தெரிந்தது. அதன் நடுவில் தீக்குச்சி மாதிரி அவள். நான் சொன்னபடியே உயரமாக, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். குச்சியின் உச்சியில் துண்டு கொஞ்சமும் துவளாமல், மலையைப் பார்த்து, என்னைப் பார்த்து, நேராக நின்றது.