தியோதிஸ்குஸ் அட்டை

மாலை வகுப்பில் எங்கள் லத்தீன் சாருக்கு ஒரே விதி. சொல்லுக்கு ஓர் அட்டை; அந்தச் சொல் வரும் பழைய சான்றைப் புத்தகத்தில் நாமே படித்திருந்தால் மட்டும் மூலையில் 'பார்த்தேன்' என்று எழுதலாம்.

போன வாரச் சொல் 'தியோதிஸ்குஸ்'. 'மக்கள்' என்ற பொருளுள்ள பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து பிறந்த லத்தீன் பெயரடை. முதலில் லத்தீன் அல்லாத, பொதுமக்களின் பேச்சைக் குறித்தது. பிறகுதான் ஜெர்மானியருக்கே உரிய அடைமொழியானது. சான்று, 786ஆம் ஆண்டில் கூடிய ஒரு கிறிஸ்தவத் திருச்சபை மன்றத்தின் அறிக்கை. ஆண்டு அகராதியிலேயே இருந்தது. நூலகம் மூடப் பத்து நிமிடம். ஜெர்மானியர் சொல்தானே, சபையும் ஜெர்மனியில்தான் கூடியிருக்கும் என்று ஊகித்து அப்படியே எழுதினேன். 'பார்த்தேன்' என்றும் எழுதிவிட்டேன்.

அண்ணியும் அதே வகுப்புதான். பகலில் தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைக்கிறார். இந்த வகுப்பை முடித்த சான்றிதழ் கிடைத்தால் நூலகத்தில் பட்டியல் எழுதும் வேலை உறுதி. அந்த வாரம் ஓவர்டைம் என்பதால் என் அட்டையைப் பார்த்து எழுதினார். மூலையில் 'தம்பியின் அட்டையில் பார்த்தேன்' என்று உள்ளபடி குறித்தும் வைத்தார்.

நேற்று சார் இரண்டு அட்டைகளையும் மேசையில் போட்டார்.

"சபை கூடினது இங்கிலாந்துல. அந்த ஊர் ஜனங்க பேச்சைத்தான் அந்த வார்த்தை சொல்லுது. தம்பி, அவசரத்துல தப்பாப் படிச்சிருக்க, திருத்திக்க. ஏம்மா, உனக்குப் புத்தகத்தைத் தொட்டா கை சுட்டுடுமா? காப்பி அடிச்சவங்களுக்குச் சான்றிதழ் கிடையாது."

நான் என் அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் அண்ணி சிரித்தார். "உன் ஜெர்மனி என்னைக் கவுத்துடுச்சே தம்பி!" பிறகு, "நீ படிச்சுத்தானே எழுதின?" என்றார்.

"ம்" என்றேன்.

இன்று வகுப்புக்கு அரைமணி முன்பே போய் சாரிடம் சொன்னேன். "சார், நான் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே இல்ல."

"மத்த நாப்பது அட்டை?"

"ரெண்டு மூணு அப்படி இருக்கலாம் சார்."

"எதெது?"

தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே மை, ஒரே ஒழுங்கான கையெழுத்து.

"அந்தம்மா எழுதினதுல பொய் இல்ல. புத்தகம் பார்த்துத் திருத்திட்டு வரட்டும், சான்றிதழ் உண்டு. உனக்கு இந்த வருஷம் கிடையாது."

வாசலில் அண்ணி நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது.

"வேலை போயிடுச்சேன்னு ராத்திரியெல்லாம் தூங்கல. பஸ்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னடா?"

அதுவரை என்னை 'டா' போட்டதில்லை. உள்ளே போய், எப்போதும் உட்காரும் என் பக்கத்து இருக்கையை விட்டு, முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.