முதல் நாள் காற்று

வயர்லெஸ்ஸில் பக்கத்துத் துறைக்காரன் ஒருவன் சிரித்துக்கொண்டே கேட்டான்: "என்ன லோர்ன், சௌக்கியமா? நேத்து போன்ல உன் குரல்தானே மொதல்ல 'போலாம்'னுச்சு? உன் புண்ணியத்துல இங்க எல்லாரும் வாந்தி எடுத்துட்டுக் கெடக்கோம்."

வெர்னா பிளாஸ்க்கை மூடப் போனவள் அப்படியே நின்றாள். படகு ஓர் அலையில் ஏறி விழுந்ததில் காபி கையில் கொட்டியது. சுட்டதுகூட உறைக்கவில்லை. சுக்கானைப் பிடித்திருந்த கணவன் லோர்னின் பிடரியையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

நோவா ஸ்கோஷியாவின் தென்கரையில் சிங்கி இறால் பருவம் திறக்கும் நாளில் எல்லாப் படகும் ஒன்றாகத்தான் கிளம்பும். முந்துகிறவனுக்கு இறால் கூண்டு இறக்க நல்ல பாறைத்திட்டு. காற்று மோசமென்றால் நாளைத் தள்ளிப்போடலாம்; துறைக்கு ஒருவர் போனில் கூடி முடிவெடுப்பார்கள். இந்தத் துறைக்கு லோர்ன். நேற்று துறைக் கொட்டகையில் அத்தனை பேரும் 'வேண்டாம்' என்று கை தூக்கியிருந்தார்கள். வெர்னாவின் தங்கை ஷெல்பி இரண்டு கையையும் தூக்கி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். லோர்ன் போனோடு தன் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வெளியே வந்து, "மத்த துறைக்காரங்க கேக்க மாட்டேங்கறாங்க" என்றான். கூசாமல் சொன்னான்! அவனுடையது பெரிய படகு, எந்த அலையையும் தாங்கும். ஷெல்பியின் சின்னப் படகு, தலைக்கு மேல் கூண்டுகளை அடுக்கிக்கொண்டு பின்னால் எங்கோ வந்துகொண்டிருந்தது.

"கொட்டகையில என்ன முடிவு பண்ணோம்?"

"அப்பறம் பேசலாம் வெர்னா."

"இப்ப சொல்லு."

"மத்தியானம் காத்து அடங்கிரும்னு நெனச்சேன். எல்லாரும் நல்லா இருக்கணும்னுதான்."

"எல்லாருமா? பெரிய படகு வச்சிருக்கிற நீ நல்லா இருக்கணும்னு சொல்லு."

அவன் வாயைத் திறப்பதற்குள் வயர்லெஸ் கரகரத்தது. ஷெல்பி. பயந்தால் அவள் குரல் தணிந்துவிடும், குழந்தையிலிருந்தே அப்படித்தான். "அக்கா, கூண்டெல்லாம் ஒரு பக்கமா சரிஞ்சிருச்சு. படகு நிமிர மாட்டேங்குது. உள்ள தண்ணி ஏறுது, பம்பும் இழுக்கல." அத்தோடு இரைச்சல்தான்.

"திருப்பு" என்றாள் வெர்னா.

"கடலோரக் காவல்படைக்குச் சொல்றேன், ஹெலிகாப்டர் வரும். இவ்வளவு பாரத்தோட அலைக்குக் குறுக்கா திரும்பினா நாமளே கவுந்துருவோம்."

அது உண்மை. இப்போது பார்த்து இவன் உண்மை பேசியதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"அப்ப பாரத்த எறக்கு."

"இந்த ஆழத்துலயா? கயிறு எட்டாது, மிதவையோட முங்கிப் போயிரும். ஒரு கூண்டுகூட திரும்பி வராது. திட்டுல எறக்கிட்டு உடனே திரும்பிரலாம்."

அதற்கு மேல் கேட்க அவள் நிற்கவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்தளத்துக்குப் போனாள். அங்கே கூண்டு அடுக்குக்குக் காவலாக நின்றிருந்த டக்கி, அவர்களோடு நெடுங்காலமாகக் கடலுக்கு வருகிறவன்.

"கட்டு அத்தனையும் அறு டக்கி. ஷெல்பி முங்கப் போறா."

அவன் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்த லோர்னைப் பார்த்தான். "கேப்டன் ஒண்ணும் சொல்லலயே?"

"கேப்டன் சொன்னதாலதான் இங்க நிக்கிறோம்!"

டக்கி தன் கத்தியை உருவினான். "கயித்து வளையத்துக்குள்ள மட்டும் கால வச்சிராத" என்றான்.

கூண்டுகள் இரண்டும் மூன்றுமாகச் சரிந்து விழுந்தன. லோர்ன் என்னவோ கத்தினான், காற்று அதைக் கொண்டுபோயிற்று. பாரம் குறையக் குறையப் படகு உயர்ந்தது. கடைசி வரிசையும் போனதும் இன்ஜின் சத்தம் தணிந்தது. படகின் மூக்கு மெல்லக் கரைப்பக்கம் திரும்பியது.

வெர்னா உள்ளே வந்தபோது லோர்ன் காவல்படைக்குத் தகவல் சொல்லிவிட்டு, மைக்கில் ஷெல்பியைக் கூப்பிட்டபடியே இருந்தான். அவனைப் பார்க்கப் பாவமென்று துளிகூட அவளுக்குத் தோன்றவில்லை. ஷெல்பியிடமிருந்து பதிலும் வரவில்லை.

ஒவ்வொரு அலையின் உச்சியிலும் மூவரும் முன்னால் பார்த்தார்கள். கரைப்பக்கம் ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் முதலில் ஒரு மஞ்சள் மிதவை தெரிந்தது. படகுக்கு ஒரு மிதவை நிறம்; மஞ்சள் ஷெல்பியுடையது. அடுத்த அலையில் இன்னும் ஐந்தாறு. அவளே கட்டுகளை அறுத்துவிட்டாளா, கடல் பிடுங்கிக்கொண்டதா தெரியவில்லை. அதற்கடுத்த அலையிலும் படகைக் காணோம்; கண்ணுக்கெட்டிய வரை மஞ்சள் மிதவைகள், ஏறியும் இறங்கியும்.