கரும்பலகையின் மூன்றாவது கட்டம்

நடீன் பர்செல் தன் முதல் துப்பாக்கியை வாங்கப் போன அன்று, கூட வரச் சொல்லி அவள் என்னைக் கேட்கவே இல்லை. நானாகத்தான் வண்டியில் ஏறிக்கொண்டேன். எங்கள் ஊர் டிரை ஃபோர்க்கில் யார் துப்பாக்கி வாங்கினாலும் இந்த ராய்ஸ் ஹால்டர்மனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்று எனக்கு ஒரு மண்டைக்கனம். பதினாறு வருடமாக ஊர்த் துப்பாக்கிச் சங்கத்துச் சுடுகளத்தில் நான்தான் பாதுகாப்பு அதிகாரி. புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கொடுக்கும் ஒரு பக்க அறிவுரைத் தாளை எழுதியதும் நான்தான். அந்தத் தாளை இப்போது நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நடீன் என் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஐம்பத்தெட்டு வயது வரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கும் வயோமிங் மாநிலத்தில் இது பெரிய அதிசயம். அந்த வசந்தத்தில் நரி ஒன்று அவளுடைய கோழிகளில் பதினொன்றைத் தூக்கிக்கொண்டு போனதும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

கடைக்காரர் எம்மெட் இரண்டு துப்பாக்கிகளை எடுத்து வைத்தார். இரண்டுமே அரைத்தானியங்கி. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு போகும். அடுத்த தோட்டா தானே உள்ளே ஏறிக்கொள்ளும். ஒன்று மரக்கட்டை வைத்த சின்னது. இன்னொன்று நான் எடுக்கச் சொன்னது, கறுப்பாக, பட்டாளத்துக்காரன் வைத்திருப்பதுபோல.

நடீன் சின்னதைத் தோளில் வைத்துப் பார்த்தாள். "இது போதும்னு தோணுது. கனமே இல்ல."

"அது பொம்மை, நடீன்," என்றேன். "அதைப் பாத்தா நரி சிரிச்சுட்டே போகும்."

"யோவ் ராய்ஸ், சுடப் போறது அவளா நீயா?" என்றார் எம்மெட். "முதல் துப்பாக்கி வாங்குறவ கைக்கு அடங்கினா போதும்யா. பக்கத்து வீட்டுக்காரன் வாய்க்கு அடங்கணும்னு சட்டம் இருக்கா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தச் சிரிப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. என் குணத்துக்கு அது முடியவில்லை.

"இன்னிக்கு ஒண்ணும் வாங்காத," என்றேன் நடீனிடம். "ஞாயித்துக்கிழமை என்னோட பெரிய துப்பாக்கியை உன் வீட்டுக்கே கொண்டு வரேன். தூக்கிப் பாரு. அப்புறம் சொல்லு எது பொம்மைன்னு."

"சரி, வா," என்றாள் அவள். "ஆப்பிள் கேக் பண்ணி வைக்கிறேன். வாய்க்கு ஏதாவது வேலை குடுத்தாத்தான் உன் பேச்சு நிக்கும்."

ஞாயிறு காலையில் நண்பர் ஒருவரின் பண்ணையில் தரையணில் சுட்டுவிட்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன். தோட்டாக்கள் இருக்கும் மேகசின் துப்பாக்கியிலேயே மாட்டியிருந்தது. சமையலறையில் கேக் வாசனை. அடுப்பின் கண்ணாடிக் கதவு வழியாக அது பொங்கி வருவது தெரிந்தது. நடீன் மேசைக்கு அருகில் நின்றாள். சங்கத்தில் சேரும் முன்பே அவள் கேட்டு வாங்கியிருந்த என் அறிவுரைத் தாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. சில வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு வேறு போட்டிருந்தாள்.

நான் துப்பாக்கியைத் தூக்கி, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைச் சரக்கென்று இழுத்து விட்டேன். அந்தச் சத்தம் யாரையும் அசத்தும். அதற்காகவே அப்படிச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"அந்த மேகசின் உள்ளயே இருக்கே," என்றாள் நடீன். "முதல்ல அதைக் கழட்டணும்னு தாள்ல போட்டிருக்கே?"

"அந்தத் தாளை எழுதினவன்கிட்டயே பாடமா?" என்று சிரித்தேன். பிறகு மேகசினைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

துப்பாக்கி பிடிக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் போல்ட்டை இழுத்து, தோட்டா உட்காரும் குழிக்குள் கண்ணால் பார்க்க வேண்டும். வரிசை மாறினால், போல்ட்டை இழுக்கும்போதே மேகசினிலிருந்து ஒரு தோட்டா உள்ளே ஏறிவிடும். அப்புறம் மேகசினைக் கழற்றி என்ன பயன்? பார்க்கக் காலியாகத் தெரியும், ஆனால் ஒன்று உள்ளே இருக்கும். என் தாளின் முதல் வரியே அதுதான். அவள் கோடு போட்டிருந்ததும் அதற்குக் கீழேதான்.

"பாரு, காலி," என்றேன். உள்ளே நான் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன், அசந்துபோனாளா என்று. குழலை அடுப்புப் பக்கம் திருப்பி விசையை இழுத்தேன்.

மூடிய அறைக்குள் அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. அடுப்புக் கதவு பொலபொலவென்று உதிர்ந்தது. கேக் தட்டு கவிழ்ந்து, ஆப்பிள் துண்டுகள் கண்ணாடித் தூளோடு தரையில் வழிந்தன. நடீன் அடுப்பிலிருந்து இரண்டு அடி தள்ளி நின்றிருந்தாள். வெறும் இரண்டு அடி.

அப்போது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. "யார்கிட்டயும் சொல்லிடாத, நடீன்." அதுதான் நான் சொன்னது.

அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் ஆகல, ராய்ஸ்," என்றாள், நான் கேட்க மறந்த கேள்விக்குப் பதிலாக.

மறுநாளே வேறொரு அடுப்பைக் கொண்டுவந்து மாட்டினேன். அவள் நன்றி சொன்னாள். அந்த வாரக் கடைசியில் எம்மெட் கடைக்குத் தனியாகப் போய், படிவத்தை நிரப்பிக் கொடுத்து, அந்தச் சின்னத் துப்பாக்கியை வாங்கினாள். சங்கத்திலும் சேர்ந்தாள்.

எங்கள் சங்கத்தில் மாதத்தின் முதல் சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து காலைச் சாப்பாடு சாப்பிடுவோம். பான்கேக் பரிமாறுவதற்கு முன் நான் எழுந்து ஒரு கேள்வி கேட்பேன்: "நினைக்காம வெடிச்ச குண்டு யார் கணக்குலயாவது இருக்கா?" களத்தில் ஆனாலும் சரி, வீட்டில் ஆனாலும் சரி, அப்படி நடந்திருந்தால் எழுந்து நின்று சொல்ல வேண்டும். பிறகு கரும்பலகையில் தேதி, இடம், பெயர் என்று மூன்று கட்டங்களில் தன் கையாலேயே எழுத வேண்டும். டிசம்பர் வரை அது அழியாமல் இருக்கும். அந்த விதியைக் கொண்டுவந்ததும் இந்த மகராசன்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன் மருந்துக்கடை கார்டி எழுந்து நின்றான். கூச்ச சுபாவம். களத்தில் அவன் விரல் தவறி ஒரு குண்டு மண்ணில் பாய்ந்திருந்தது. "சத்தமா சொல்லு கார்டி, பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல," என்று அவனை மூன்று முறை சொல்ல வைத்தேன். கை நடுங்கி, பலகையில் அவன் பெயர் கோணல்மாணலாக விழுந்தது. "டாக்டர் சீட்டுப் படிச்சுப் படிச்சு உனக்கும் அந்த எழுத்தே வந்துடுச்சாய்யா?" என்று நான் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு கார்டி சங்கத்துப் பக்கம் வரவே இல்லை.

ஜூன் மாதச் சாப்பாட்டில் வழக்கம்போல எழுந்து கேள்வியைக் கேட்டேன். நடீனை நான் பார்க்கவில்லை. யாரும் எழவில்லை என்றதும் உட்காரப் போனேன். அப்போது நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"என் வீட்டுல ஒரு குண்டு வெடிச்சுது," என்றாள் நடீன். "அடுப்புக் கதவு போச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. சொல்லணும்ங்கறது விதி, சொல்லிட்டேன்."

எல்லோரும் அவள்தான் சுட்டாள் என்று எடுத்துக்கொண்டார்கள். புதுசுதானே, அப்படித்தான் இருக்கும் என்று யாரோ பரிதாபப்பட்டார்கள். அவள் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. நேராகப் பலகைக்குப் போனாள். தேதி எழுதினாள். "நடீன் வீட்டுச் சமையலறை" என்று இடம் எழுதினாள். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, என் மேசைக்கு வந்து சாக்பீஸை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கப்படச் சௌகரியமாக இருக்கட்டும் என்றுதான் பார்க்காமல் இருந்தாள் என்று நினைக்கிறேன்.

"அட, பதட்டத்துல பேரை எழுத மறந்துட்டா பாரு!" என்று எம்மெட் சிரித்தார். "யோவ் ராய்ஸ், நீயே எழுதிக் குடுய்யா, பாவம்."

சாக்பீஸை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பலகைக்குப் பத்து அடி இருக்கும். அந்தப் பத்தடிக்குள் என் பெயரை எழுதிவிட வேண்டும் என்று ஒரு மனது சொன்னது. பதினாறு வருடம் என்று இன்னொரு மனது சொன்னது. எம்மெட் கடையில் கேட்ட சிரிப்பு மறுபடி காதில் கேட்டது.

நடீன் பர்செல் என்று எழுதினேன்.

அவள் கடைசி எழுத்து வரை பார்த்தாள். பிறகு உட்கார்ந்து பான்கேக்கைச் சாப்பிட்டாள்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் சுடுகளத்துக்கு வந்தாள். முதலில் மேகசினைக் கழற்றுவாள். பிறகு போல்ட்டைத் திறப்பாள். பிறகு அந்தச் சின்னத் துப்பாக்கியை என் முன் நீட்டி, "காலியா ராய்ஸ்? நல்லா பாத்துச் சொல்லு," என்பாள். குனிந்து பார்த்து, "காலி," என்பேன். அவள் குரலில் குத்தல் எதுவும் இருக்காது. இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, கார்டி தன் துப்பாக்கிப் பையோடு வந்து நின்றான். நடீனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினான். "நீங்க எழுந்து நின்ன கதையைக் கேள்விப்பட்டேன்மா. நமக்கும் ஒரு துணை கிடைச்சுதுன்னு வந்துட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினான். "இந்தத் தடவை நீ ஒரு வார்த்தை கிண்டல் பண்ணலயாமே. பேரைக்கூட நீயே எழுதிக் குடுத்தியாம். நெஜமாவே மாறிட்ட ராய்ஸ்." என்னிடமும் கையை நீட்டினான்.

நடீன் தோட்டாப் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டாள். கார்டியின் கை நீட்டியபடியே இருந்தது. என்னால் அதைத் தொட முடியவில்லை.

"அது அவ இல்ல கார்டி," என்றேன். "சுட்டது நான். அவ பேரை எழுதினதும் நான்."

அவன் கையை மெதுவாகக் கீழே இறக்கினான். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பலகை தெரிந்தது. அதன் மூன்றாவது கட்டத்தைப் பார்த்தான்.

"உன் கையெழுத்தா அது?" என்றான்.

"ஆமா."

"அழகா இருக்கு ராய்ஸ்," என்றான் கார்டி. "கொஞ்சம்கூட நடுங்கலயே."