குளிரில் நிற்காத வாட்ச்

"யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாதும்மா," என்றார் வாட்ச் கடைக்காரர். ஆமை ஓடு மாதிரி தடித்த ஒரு கறுப்பு வாட்ச்சைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டு தரம் தட்டியும் காட்டினார். "ஆம்பளைங்க தினமும் கட்டுறதுக்கு இதை அடிச்சுக்க வேற இல்ல. கடல்ல குதிச்சாலும் ஓடும்."

"அவர் கடல்ல குதிக்கல அண்ணே. ஐஸ்ல நிக்கிறார்," என்றாள் அவள்.

மணி பதினொன்று. இரண்டு மணிக்கு அவள் கணவனுக்கு ஷிப்ட். எட்டு நாள் கழித்து இன்றைக்குத்தான் மறுபடி வேலைக்குப் போகிறான். மீனை உறைய வைக்கும் குளிர்கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. உள்ளே மைனஸ் இருபத்தைந்து டிகிரி. இருபது நிமிடத்துக்கு மேல் யாரும் நிற்கக் கூடாது. வெளியே வந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டுதான் மறுபடி நுழைய வேண்டும். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால், நேரம் பார்க்க அவரவர் வாட்ச்தான்.

போன வாரம் அவன் வாட்ச் நின்றுவிட்டது. நின்றது தெரியாமல், இன்னும் நேரம் இருக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது என்று ஐம்பது நிமிடம் அடுக்கியிருக்கிறான். ஆளைக் காணோமே என்று மேஸ்திரி கதவைத் திறந்தபோது, ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தானாம். இடது கையில் இரண்டு விரல் நுனி இன்னும் மரத்துப் போய்த்தான் இருக்கிறது.

அதுகூட அவளுக்குப் பெரிதில்லை. ஆஸ்பத்திரியில், "உள்ள எப்படிங்க இருந்துச்சு?" என்று அவள் கேட்டதற்கு, "சுகமாத்தான் இருந்துச்சு" என்றான். அந்த ஒரு வார்த்தை எட்டு நாளாக அவளைத் தூங்கவிடவில்லை. வலித்தால் மனுஷன் எழுந்து ஓடி வருவான். சுகமாக இருந்தால் எதற்கு வருவான்?

வேலையை விடச் சொல்லி அழுது பார்த்தாள். பட்டினி கிடந்தும் பார்த்தாள். "நாலு வேலை விட்டாச்சு. இதையும் விட்டா பெத்த பொண்ணே என்னை மதிக்க மாட்டா," என்றவன், அதற்கு மேல் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை.

"ஐஸ்ல ஓடுமா ஓடாதான்னு இதுல எழுதலையேம்மா," என்று கடைக்காரர் அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிதர். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பக்கத்துல ஐஸ்கிரீம் கடை இருக்குல்ல? வெச்சுப் பாத்துடலாம்."

"அந்தாளு என்னைப் பைத்தியம்னு நினைப்பான்."

"என்னையும் சேத்துத்தான நினைப்பார். வாங்கண்ணே."

ஆமை ஓடு ஒன்று, பட்டை வைத்த ஸ்டீல் வாட்ச் ஒன்று, அவள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த கணவனின் பழைய வாட்ச் ஒன்று. மூன்றையும் பாலிதீன் பையில் கட்டி ஐஸ்கிரீம் கடையின் ஃப்ரீசர் பெட்டிக்குள் வைத்தார்கள். "வெனிலாவா சாக்லேட்டான்னு கேட்டா, வாட்ச்சுங்கறீங்க," என்று ஐஸ்கிரீம்காரர் முனகினார். அரை மணி நேரம் அவள் அந்தப் பெட்டியின் மூடி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் வைப்பது போல.

வெளியே எடுத்தபோது ஆமை ஓட்டில் எண்கள் சாகக் கிடக்கும் எறும்பு மாதிரி நகர்ந்தன. ஒன்று அழிவதற்குள் அடுத்தது அதன் மேல் ஏறியது. ஸ்டீல் வாட்ச் ஓடியது, ஆனால் அதன் பட்டை கடைக்காரரின் விரலில் ஒட்டிக்கொண்டு அவரை உதற வைத்தது. பழைய வாட்ச்சில் நொடிமுள் நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் விரித்தால், ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது.

"இதுல ஒரு குறையும் இல்லம்மா. குளிர்ல பேட்டரி சோர்ந்து போயிடும். உடம்புல ஒட்டிக்கிட்டிருந்தா சோராது." வாரைத் திருப்பிப் பார்த்தார். "ஆமா, கடைசி ஓட்டைல போட்டுப் போட்டு வார் மடிஞ்சிருக்கே. அவ்வளவு பெரிய கையா உங்க வீட்டுக்காரருக்கு?"

"இல்லண்ணே, கோட்டு மேல கட்டுவார்."

"கோட்டுக்கு உள்ள கட்டக் கூடாதா?"

"கட்டினா பாக்க முடியாது. கோட்டோட கைப்பட்டியை மேல தூக்கவே..." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

அவள் தையற்காரி. கோட்டின் கை வழியாகக் குளிர் ஏறுகிறது என்று அவன் ஒரு நாள் சொன்னதும், இரண்டு கைப்பட்டியையும் பிரித்து, உள்ளே இரட்டை எலாஸ்டிக் வைத்து, எறும்பு நுழைய இடமில்லாமல் இறுக்கித் தைத்துக் கொடுத்தவளே அவள்தான். அதற்குப் பிறகுதான் அவன் வாட்ச்சை வெளியே கட்ட ஆரம்பித்தான். ஐஸ்கிரீம் கடை என்றும் பாராமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

கடைக்காரர் தன் கடைக்குப் போய், சாம்பல் நிறத்தில் மெலிசான ஒரு வாட்ச்சோடு திரும்பி வந்தார். "காது கேக்காதவங்க வாங்கிட்டுப் போறது. சொன்ன நேரத்துக்கு ஒரு தரம் கைல நடுங்கும். பாக்கவே வேணாம். ரப்பர் வார், குளிர்ல ஒட்டாது. ஒண்ணு, பாக்க ஆம்பளை வாட்ச் மாதிரி இருக்காது."

"ஆம்பளை இருந்தாப் போதும்ணே," என்றாள்.

வீட்டில் அவன் அதைப் பார்த்துச் சிரித்தான். "இது என்ன, நம்ம பொண்ணோடதா?"

"கையைக் குடுங்க."

"அங்க நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?"

"கோட்டுக்குள்ள இருக்கறதை எவன் பாக்கப் போறான்? எலாஸ்டிக் இறுக்கமா இருக்கு, வாட்ச் பாக்க முடியலன்னு ஏங்க சொல்லல?"

அவன் சிரிப்பு போய்விட்டது. "ராவெல்லாம் உக்காந்து தச்ச. அதைப் போய் பிரிச்சுக் குடுன்னு எப்படிச் சொல்றது?"

"வாயைத் திறந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல பிரிச்சிருப்பேன். ரெண்டு நிமிஷம்." இவனை அடிப்பதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மரத்துப்போன இடது கையை விட்டு, வலது கையில் வாட்ச்சைக் கட்டினாள். இருபது நிமிடத்தில் நடுங்கும்படி வைத்தாள். "கோட்டைப் போடுங்க. கையுறையும் தொப்பியும்."

"இந்த வெயில்லயா? வெந்துடுவேன்டி."

"வேகுங்க."

தையல் மெஷின் முன்னால் முக்காலியில் அவன் உட்கார்ந்தான். அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். வாட்ச் கோட்டுக்குள் புதைந்துவிட்டது. சத்தமும் இல்லை. அவன் முகத்தைத் தவிர அவள் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. காதோரம் நரைத்திருந்ததை இன்றைக்குத்தான் கவனித்தாள். வியர்வை அவன் புருவத்தில் நின்று, கண்ணில் இறங்கியது. அவன் துடைக்கவில்லை. அவனும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இருவரும் இவ்வளவு நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டதில்லை.

வாட்ச் நடுங்கும், அதற்குக் கடைக்காரர் பொறுப்பு. ஆனால் நடுங்கியதும் இவன் எழுந்திருப்பான் என்பதற்கு யார் பொறுப்பு? இன்னும் ஒரு பெட்டி, இன்னும் ஒரே ஒரு பெட்டி என்று நின்றுவிட்டால்? அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவன் கண் இமை ஒரு தரம் அசைந்தது. அவ்வளவுதான். எழுந்தான், அவளைத் தாண்டினான், கதவைத் திறந்துகொண்டு தெருவில் போய் உச்சி வெயிலில் நின்றான். கோட்டு, கையுறை, தொப்பியோடு.

"என்ன, குளிருதா?" என்று எதிர் வீட்டு டிரைவர் கேட்டது உள்ளே கேட்டது.

"ஆமாண்ணே, கொஞ்சம்," என்றான் அவன்.

அவள் எழுந்திருக்கவில்லை. மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து வாசலில் அவன் தலை தெரிந்தது.

"இன்னொரு தரம் பாக்கலாமா?"

"பாக்கலாம்," என்றாள். பஸ்ஸுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது.